‘ஏங்க’ என்றால் யாரை

மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு குருவின் காலில்தான் விழ வேண்டும். டீக்கடையில் ஒருத்தர் இருப்பார். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒருத்தர் இருப்பார். வாடகைக்கு எடுத்த மாடியில் ஏசி போட்டுக்கொண்டு ஒருத்தர் இருப்பார். வெள்ளைக்கார குருவும் உண்டு, அவருக்கு மொழிபெயர்க்க வந்து தானே குருவாகிப்போன நம்மூர் ஆளும் உண்டு. நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். இவர்களையும் இவர்களைத் தேடி வந்தவர்களையும் ஏற்றி இறக்கியிருக்கிறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் நசுங்கி, ‘உள்ள போ, உள்ள போ’ என்று தொண்டை கிழியக் கத்தியதுதான் எனக்கும் ஆன்மிகத்துக்கும் இருந்த சம்பந்தம். அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்ற பிறகு ஒரு குருவைத் தேடி அலைந்தேன் என்றால் அதற்குக் காரணம் மோட்சம் கீட்சம் இல்லை. என் பெண்டாட்டி என்னை மறந்துகொண்டிருந்தாள்.

முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். அப்புறம் வேங்கிக்காலில் நாங்கள் கட்டிய இந்த வீட்டுக்கு எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதை மறந்தாள். ஓசூரில் இருக்கும் மகன் போன் செய்தால், பேசி முடித்துவிட்டு, ‘யாருங்க அந்தப் புள்ள, நல்லா பேசுது’ என்றாள். எல்லாம் போனது. என்னை மட்டும் மறக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு என்னிடம் இருந்த ஆதாரம் ஒரே ஒரு சொல். ‘ஏங்க.’ காலையில் கண் விழித்தால் ‘ஏங்க’ என்பாள். குளிக்கப் போனால் ‘ஏங்க’ என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் என் பேர் அதுதான்.

என் நிஜப் பேரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவளே சொல்லாததை நான் எதற்கு இங்கே எழுத வேண்டும்? இந்த மலையின் பேர்தான் என் பேர் என்று மட்டும் சொல்கிறேன். இந்த ஜில்லாவில் கல்லை விட்டெறிந்தால் அந்தப் பேருள்ள ஒரு ஆம்பளை மேல்தான் விழும். ரேஷன் கடையில், ஓட்டுச் சாவடியில், பள்ளிக்கூடத்தில், ‘வீட்டுக்காரர் பேர் இன்னாம்மா?’ என்று கேட்டால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்புறம் கதவுக்கு வெளியே கையை நீட்டி மலையைக் காட்டுவாள். கேட்டவரும் தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்வார். அவள் பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில். எந்த மூலையில் நிறுத்தினாலும் மலை எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

வேலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். சின்ன வயசு டாக்டர், எந்த ஊரோ. ஜன்னல் இல்லாத அறை. இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாசம் என்று கேட்டார். அவள் பேசாமல் இருந்தாள். என்னைக் காட்டி, ‘இவர் யாரு? பேர் சொல்லுங்க பாக்கலாம்’ என்றார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு என்ன சந்தோஷம்! ‘எங்க பக்கம் புருஷன் பேர சொல்ல மாட்டாங்க டாக்டர். வெளிய கூட்டிட்டுப் போனா மலையக் காட்டுவா. இங்க மலையில்ல, அதான்’ என்று நானே அவளுக்குப் பரீட்சை எழுதிக் கொடுத்தேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட, ‘எல்லாம் மறந்துட்டா சார், என்ன மட்டும் மறக்கல’ என்று பீற்றிக்கொண்டு வந்தேன்.

ஒரு மத்தியானம் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தார். நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் அவள் குரல் கேட்டது. ‘ஏங்க, இப்பதான் வரீங்களா? வெயிலு ஜாஸ்தியா கீது. சாப்ட்டீங்களா?’ என்னைத்தான் தேடுகிறாள் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். அவள் சிலிண்டர்காரரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே குரல், அதே குழைவு, அதே ‘ஏங்க’. அவர் பாவம், சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நெளிந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும் என் பக்கம் திரும்பி, ‘ஏங்க, நீங்களும் சாப்ட்டுப் போங்க’ என்றாள்.

அப்படியே வாசப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நம் பாஷையில் புருஷனுக்கும் ‘ங்க’தான், ரோட்டில் போகிறவனுக்கும் ‘ங்க’தான். பேர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் இருந்திருந்தால், என் பேரை அவள் மறந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும். அவள் என்றைக்கு மறந்தாள் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. போன மாசமா? போன வருஷமா? வேலூருக்குப் போனபோதே தெரியாதா? டாக்டர் முன்னால் சிரித்த சிரிப்பு வெட்கச் சிரிப்பா, பதில் தெரியாதவள் சமாளித்த சிரிப்பா? அதற்குப் பிறகு ‘ஏங்க’ என்று கேட்கும்போதெல்லாம் யாரைக் கூப்பிடுகிறாள் என்று சுற்றிப் பார்ப்பேன்.

அன்றிலிருந்துதான் கத்த ஆரம்பித்தேன். ‘நீங்க யாரு?’ என்று அவள் வாய்விட்டே கேட்கவும் தொடங்கியிருந்தாள். ‘உன் புருஷன்டி! தாலி கட்டினவன்டி!’ என்று கத்துவேன். என் குரல் பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்டுப் பழகிய குரல். அவள் சுவரோடு ஒண்டிக்கொள்வாள். பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து அவளை அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்து முறைப்பார்கள்.

அப்போதுதான் குருக்களைத் தேடிப் போனேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் மறந்துவிட்டால் நான் யார்? என்னைச் சின்ன வயசில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். என் கோபம், என் குறட்டை, என் பயம் எல்லாம் தெரிந்தவள். அவளுக்கே நான் இல்லை என்றால் அப்புறம் எங்கே இருக்கிறேன்? இதை யாராவது சொல்லட்டும் என்று போனேன்.

ஒரு வெள்ளைக்காரர் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த கூட்டமும் கண்ணை மூடியிருந்தது. கேள்வி கேட்கக் கூடாதாம். இன்னொரு இடத்தில், ‘எல்லாம் மாயைங்க. மனைவி மாயை, மறதியும் மாயை’ என்றார் ஒரு தாடிக்காரர். ‘அப்ப மாயைக்கு யார் சாமி சோறு ஊட்டி விடறது?’ என்று கேட்டேன். பக்குவம் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாவது ஆள், போன ஜென்மத்தில் நான் யாரையோ மறந்திருக்கிறேன், அந்தக் கடன் இது என்றார். அவரை அடிக்காமல் வந்ததே பெரிசு. ஊரெல்லாம் பதில் வைத்திருந்தார்கள். ஒருத்தராவது ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பேசவில்லை.

பக்கத்து வீட்டம்மாதான் சொன்னார்கள். ‘அடி அண்ணாமல தாண்டி ஒரு அம்மா இருக்காங்க. வான்னும் சொல்ல மாட்டாங்க, போன்னும் சொல்ல மாட்டாங்க. இங்க இந்தக் கத்து கத்தறதுக்கு அங்க போயி செத்த நேரம் உக்காந்துட்டு வாங்க. நான் இவங்களப் பாத்துக்கறேன்.’

போனேன். கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே போகிற மண் ரோட்டில் ஒரு சாதாரண வீடு. சித்தூர்ப் பக்கத்து அம்மாள். காலேஜில் கணக்கு சொல்லிக் கொடுத்தவராம். எல்லாரும் அவரை அம்மா என்றார்கள். என்னைவிட ரொம்பச் சின்னவர், எனக்கு வாய் வரவில்லை. செக்கிங்குக்கு வந்த லேடி இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்ட பழக்கத்தில் ‘மேடம்’ என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர், ‘வாங்க சார்’ என்று சொல்லிவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தீட்சை.

அங்கே முதலில் எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் அவர் கொஞ்சம் பேசுவார். துக்கம் வந்தால் துக்கத்தைப் பார்க்காதீர்கள், துக்கப்படுகிற ஆளைத் திரும்பிப் பாருங்கள். ‘நான்’ என்று சொல்கிறீர்களே, அது எங்கேயிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ‘நான்’, ‘நீ’ என்று ரெண்டாகப் பிரிவது எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். இதையேதான் மாற்றி மாற்றிச் சொல்வார்.

யாரு யாரு என்று கேட்பது எனக்குப் புதுசா? ‘யாரு டிக்கெட் வாங்கல, யாருப்பா அது?’ என்று கேட்டுத்தானே பிழைத்தேன். கண்ணை மூடி உட்கார்ந்து ‘நான்’ எங்கே என்று தேடினால் காக்கிச் சட்டை வந்தது. விசில் வந்தது. கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் கூடையோடு ஏறுகிற கூட்டம் வந்தது. அதெல்லாம் போன பிறகு அடியில் ஒன்றே ஒன்று இருந்தது, அவளுடைய ‘ஏங்க’. அதற்குக் கீழே போக எனக்கு மனசில்லை. கண்ணைத் திறந்துவிடுவேன்.

சில வாரம் போனது. ஒருநாள் காலையில் வீட்டில் அவள் என்னைத் திருடன் என்று நினைத்துக் கூச்சல் போட்டிருந்தாள். அந்தக் கொதிப்போடு போய் உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போல, கேட்கிறது யாரு என்று பாருங்கள் என்றார். எழுந்து நின்றுவிட்டேன்.

‘மேடம், யாரு யாருன்னு கேளுங்கறீங்க. எங்க வீட்ல அந்தக் கேள்விய என்ன விட நல்லா ஒருத்தி கேக்கறா. காலைல எழுந்தா நீங்க யாருங்கறா. கண்ணாடியப் பாத்து இது யாருங்கறா. அவளுக்கு ஞானம் வந்துடுச்சுன்னு அர்த்தமா? சொல்லுங்க!’

கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல். யாரோ என் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்கள், உதறினேன்.

அவர் எழுந்து என் எதிரில் வந்து நின்றார். அப்புறம், ‘இல்ல சார். அது வியாதி. ஞானம் இல்ல’ என்றார்.

‘அப்ப எனக்கு இன்னா வழி?’

‘தெரியல சார்.’

எனக்கு எங்கேயோ பிடித்திருந்த முறுக்கு விட்டுப்போனது. உட்கார்ந்தேன். இத்தனை பேர் பதில் வைத்திருக்கிற ஊரில் தெரியவில்லை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

‘அவங்க நீங்க யாருன்னு கேட்டா என்ன சொல்றீங்க?’

‘உன் புருஷன்னு சொல்றேன். கத்தறேன்.’

‘கத்தினா நம்பறாங்களா?’

‘எங்க நம்பறா. பயப்படறா.’

‘அப்ப அந்தப் பதில விட்டுப் பாருங்க.’

‘விட்டுட்டு? நான் யாருன்னு சொல்றது?’

‘ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க.’

எனக்கு வந்ததே கோபம். கேட்டைப் படாரென்று சாத்திவிட்டு வந்தேன். விட்டுவிட வேண்டுமாம். சொல்பவர்களுக்கு என்ன, சுலபம்தான். எனக்கு மிச்சம் இருந்ததே அந்த ஒன்றுதானே. வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் கிரிவலம் வந்தவர்கள் ஏதோ சாமியார் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

மறுநாள் காலையில் அவள் கேட்டாள். ‘நீங்க யாரு?’ வாய் வரைக்கும் வந்ததை முழுங்கினேன். ‘காப்பி குடிக்கிறீங்களா?’ என்றேன்.

என் பெண்டாட்டியை நான் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் ‘இன்னாமே’, ‘ஏமே’, கோபம் வந்தால் ‘டி’. அவள் முகம் அப்படியே தளர்ந்தது. ‘குடிக்கிறேங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?’ என்றாள். சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்குகிற வரைக்கும் அழுதேன்.

அப்படியே பழகினேன். மத்தியானம் சாய்ந்தால் அவளுக்கு ஒரு பரபரப்பு வரும். வாசலையே பார்ப்பாள். ‘ஏங்க, தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு டூட்டி முடிஞ்சு வர நேரம். நீங்க இங்க இருந்தா நல்லாருக்காது, கெளம்புங்க’ என்பாள். பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். தெருமுனைக் கடையில் ஒரு டீ குடிப்பேன். திரும்பி வந்து, டூட்டி முடிந்து வருகிறவன் மாதிரி கேட்டைச் சத்தமாகத் திறந்து, இருமி, ‘இன்னாமே’ என்பேன்.

‘வந்துட்டீங்களா!’ என்று ஓடி வருவாள். ‘இவ்ளோ நேரம் யாரோ ஒருத்தர் இங்கயே உக்காந்திருந்தாருங்க. இப்பதான் போனாரு. பாவம், நல்ல மனுஷரு. காப்பியெல்லாம் போட்டுக் குடுத்தாரு.’

அந்த ஆள் மேல் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? இவ்வளவு காலம் குடும்பம் நடத்தி, நல்ல மனுஷர் என்று என்னை ஒருநாளும் சொன்னதில்லை அவள்.

இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘போனவரும் வந்தவரும் ஒருத்தர்தானே சார்?’ என்றார்.

‘எனக்குத் தெரியும் மேடம். அவளுக்குத் தெரியலயே.’

‘உங்களுக்குத் தெரியுதா?’

கிளம்பும்போது ‘வரேம்மா’ என்றேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது.

ஐப்பசி மழை பிடித்தபோது அந்த வித்தையும் பலிக்காமல் போனது. அன்றைக்கும் போய்விட்டுத்தான் வந்தேன். கேட்டைத் திறந்தேன், இருமினேன், ‘இன்னாமே’ என்றேன். அவள் திரும்பிப் பார்த்து, ‘நீங்கதான இப்பப் போனீங்க? எதனா வச்சிட்டுப் போயிட்டீங்களா?’ என்றாள். அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும் அதேதான். என் உள்ளங்கையில் இருந்த எதுவோ வழிந்து போகிற மாதிரி இருந்தது. அந்த அம்மாள் சொன்னதெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. எப்படியாவது அவள் என்னைப் பார்த்து ‘வந்துட்டீங்களா’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

பீரோவின் அடியிலிருந்து பழைய காக்கிச் சட்டையை எடுத்தேன். தொப்பையில் பட்டன் சேரவில்லை. விசிலைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். மழையில் நனைந்துகொண்டே ஒரு சுற்று போய்விட்டு வந்து வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டம்மா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சட்டையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

‘வாங்க கண்டக்டரே’ என்றாள். ‘எங்க வீட்டுக்காரரும் கண்டக்டருதான். மழைல எங்க மாட்டினாரோ, இன்னும் வரல. டிப்போல பாத்தா சீக்கிரம் வரச் சொல்றீங்களா?’

சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நான்தான்டி அது, நான்தான்டி என்று தொண்டை வரைக்கும் வந்தது. கத்தியிருந்தால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவள் அவ்வளவு நம்பிக்கையாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டேன். ஞானத்தால் விட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவள் பயந்துவிடுவாள் என்று விட்டேன்.

‘சொல்றேங்க’ என்றேன். ‘அவரு பேரு இன்னாங்க?’

அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரேஷன் கடையில் சிரித்த அதே சிரிப்பு. வேலூரில் சிரித்ததும் இதுதானா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். அங்கே மலை இல்லை. மழை மேகம் அடிவாரம் வரைக்கும் இறங்கி எல்லாவற்றையும் மூடியிருந்தது. வெறும் சாம்பல் நிறம். அவள் கை மட்டும் கொஞ்சமும் பிசகாமல் மலை இருக்க வேண்டிய இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

‘நல்ல பேருங்க’ என்றேன்.

‘வந்துடுவாருங்க. நீங்க நனஞ்சிருக்கீங்களே, உக்காருங்க.’

பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரெண்டு பேரும் அந்த ஆள் வருவதற்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.